இரண்டு முகடுகளுக்கு நடுவே: குரோமட்டோகிராபியில் பிரிதிறனைக் கணக்கிடுவது எப்படி, அந்த எண்ணைப் படிப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவ ஆய்வகத்தில், நோயாளிகளின் இரத்தச் சீரத்தில் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எச்.பி.எல்.சி. (கரைசலை அழுத்தத்தில் துகள் நிரப்பிய குழாய் வழியே ஓட்டி, அதிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராபி) கருவியில் பார்க்கிறார்கள். 150 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள, 5 மைக்ரோமீட்டர் துகள் நிரப்பிய சி18 நிரல். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டம். தியோஃபிலினுக்குச் சற்று முன்னால் பாராசாந்தின் வெளிவருகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான பிரிதிறனை ஒரே குரோமட்டோகிராமில் மென்பொருள் ஒரு கணக்கில் 1.54 என்றும், இன்னொரு கணக்கில் 1.36 என்றும் காட்டுகிறது. செய்முறை ஆவணமோ 1.5க்குக் குறையக்கூடாது என்கிறது. எது சரி, கையால் எப்படிக் கணக்கிடுவது, குறைந்தால் எப்படிக் கூட்டுவது என்பதே கேள்வி.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். ஆய்வகத்தில் எல்லோரும் பீக் என்றும் ரெசல்யூஷன் என்றும்தான் சொல்கிறோம். இங்கே அவற்றை முகடு என்றும் பிரிதிறன் என்றும் எழுதுகிறேன். ஒரு பொருள் வெளிவரும்போது கருவி வரையும் குரோமட்டோகிராமில் எழும் மேடே முகடு; இரண்டு முகடுகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவே பிரிதிறன். கருவியின் இதயமான அந்த எஃகுக் குழாயைக் ‘காலம்’ என்று எழுதினால் நேரத்தோடு குழம்பிவிடும் என்பதால் நிரல் என்றே குறிப்பிடுகிறேன்.

இந்த இணையை ஏன் இவ்வளவு கவனமாகப் பிரிக்க வேண்டும் என்பது கணக்குக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காபி குடிப்பவரின் உடலில் கஃபீன் பெரும்பாலும் பாராசாந்தினாக மாறுகிறது. பாராசாந்தின், தியோஃபிலின், தியோபுரோமின் ஆகிய மூன்றும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை. இரண்டு மெத்தில் தொகுதிகள் எந்த இடங்களில் ஒட்டியிருக்கின்றன என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன. மூன்றின் மூலக்கூறு நிறையும் 180 என்பதால் நிறையை மட்டும் அளக்கும் கருவிக்கு இவை வேறுவேறு பொருள்களாகத் தெரிவதில்லை. புற ஊதா உட்கவர்தலிலும் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே பிரிக்க வேண்டிய வேலை முழுவதும் நிரலின் மேல் விழுகிறது. தியோஃபிலினுக்கு மரபாகச் சொல்லப்படும் சிகிச்சை எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம், வலிப்பு வரலாம். காலையில் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தவரின் பாராசாந்தின் தியோஃபிலின் முகட்டோடு சேர்ந்து எண்ணப்பட்டால் மருந்தின் அளவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். மருத்துவர் குறைக்க வேண்டாத மருந்தைக் குறைப்பார். பிரிதிறன் என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இனி வரையறை. இரண்டு முகடுகள் பிரிந்திருக்கின்றனவா என்பதை அவற்றின் உச்சிகளுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒடுக்கமான முகடுகளுக்குப் போதுமான இடைவெளி, அகன்ற முகடுகளுக்குப் போதாது. எனவே இடைவெளியை அகலத்தால் வகுக்கிறோம்:

பிரிதிறன் = 2 × (இரண்டாவது முகட்டின் தங்குநேரம் − முதல் முகட்டின் தங்குநேரம்) ÷ (முதல் முகட்டின் அடி அகலம் + இரண்டாவது முகட்டின் அடி அகலம்)

தங்குநேரம் என்பது மாதிரியைச் செலுத்தியதிலிருந்து முகட்டின் உச்சி வரும் வரை ஆகும் நேரம். அடி அகலம் என்பது முகட்டின் இரண்டு சரிவுகளிலும் தொடுகோடு வரைந்து, அவை அடிக்கோட்டை வெட்டும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். நேரமும் அகலமும் ஒரே அலகில் இருக்க வேண்டும். நேரத்தை நிமிடத்திலும் அகலத்தை விநாடியிலும் எடுத்துக் கணக்கிட்டுவிட்டுக் குழம்பிப்போகும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அலகுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் பிரிதிறன் வெறும் எண்ணாகவே நிற்கிறது.

தொடுகோடு வரைவது தாளும் அளவுகோலும் இருந்த காலத்துப் பழக்கம். கணினிக்கு எளிது, முகட்டின் பாதி உயரத்தில் அகலத்தை எடுப்பது. அதற்கான வாய்பாடு:

பிரிதிறன் = 1.18 × (தங்குநேரங்களின் வேறுபாடு) ÷ (இரண்டு முகடுகளின் பாதி உயர அகலங்களின் கூட்டுத்தொகை)

இந்த 1.18 எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் கேள்வியின் முதல் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். முகடு காஸியன் வளைவின் வடிவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அந்த வளைவின் திட்ட விலக்கத்தை ஒரு ‘சிக்மா’ என்போம். தொடுகோடுகள் அடிக்கோட்டில் வெட்டும் அகலம் சரியாக 4 சிக்மா. பாதி உயரத்தில் அகலம் 2.355 சிக்மா. முதல் வாய்பாட்டில் உள்ள 2ஐ 4ஆல் வகுத்து 2.355ஆல் பெருக்கினால் 1.1775 வரும், அதை முழுமைப்படுத்தியதே 1.18. ஆகவே முகடு உண்மையிலேயே காஸியனாக இருக்கும் வரை இரண்டு வாய்பாடுகளும் ஒரே விடையைத் தரும். விடைகள் வேறுபட்டால் முகடு காஸியனாக இல்லை என்றுதான் பொருள்.

கேள்வியில் உள்ள எண்களை வைத்தே பார்ப்போம். பாராசாந்தின் 7.20 நிமிடத்திலும் தியோஃபிலின் 7.80 நிமிடத்திலும் வருகின்றன. பாதி உயர அகலங்கள் 0.22, 0.24 நிமிடங்கள். 1.18ஐ 0.60ஆல் பெருக்கி 0.46ஆல் வகுத்தால் 1.54. தொடுகோட்டு அடி அகலங்கள் 0.40, 0.48 நிமிடங்கள், 2ஐ 0.60ஆல் பெருக்கி 0.88ஆல் வகுத்தால் 1.36. காஸியன் வளைவாக இருந்திருந்தால் 0.22க்கு ஏற்ற அடி அகலம் 0.37ஆகவும், 0.24க்கு ஏற்றது 0.41ஆகவும் இருந்திருக்க வேண்டும். அளந்தவை அவற்றைவிட அகலமானவை. இரண்டாவது முகட்டில் வேறுபாடு கூடுதல். முகடுகள் பின்பக்கமாக வால் விடுகின்றன என்பதை இந்த ஒரு ஒப்பீடே காட்டிவிடுகிறது. பாதி உயரத்தில் அளக்கும்போது வால் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் வால் அடிக்கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. அதனால் பாதி உயர முறை வால் விட்ட முகடுகளுக்கு எப்போதும் சற்றுத் தாராளமாகவே மதிப்பெண் போடும்.

எது சரி என்றால், செய்முறை ஆவணம் எந்த வரையறையைச் சொல்கிறதோ அதுவே அந்த ஆவணத்துக்குச் சரி. தொடுகோட்டு வாய்பாடு அமெரிக்க மருந்துத் தரநூலில் நெடுங்காலம் வழங்கிவந்தது. ஐரோப்பிய, ஜப்பானிய, அமெரிக்கத் தரநூல்கள் தங்கள் குரோமட்டோகிராபி அத்தியாயத்தை ஒருமைப்படுத்தியபோது பாதி உயர வாய்பாட்டை ஏற்றுக்கொண்டன. அமெரிக்கத் தரநூலில் அது 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய ஆவணம் ஒன்றையும் புதிய மென்பொருள் அமைப்பு ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் இடங்களில் இந்தக் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இரண்டு விடைகளையும் பார்த்துவிட்டு, தேர்ச்சி தருகிற வாய்பாட்டைத் தேர்ந்தெடுப்பது கூடாது. எந்த வாய்பாடு என்பது மாதிரியைச் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஆவணத்தில் இல்லையென்றால், இன்றைய ஓட்டத்தை நிறுத்திவைத்து ஆவணத்தைத் திருத்திவிட்டுத்தான் தொடர வேண்டும்.

1.5 என்ற எல்லையின் பொருளையும் பார்க்க வேண்டும். சம உயரமுள்ள இரண்டு காஸியன் முகடுகளுக்குப் பிரிதிறன் 1.0 என்றால் உச்சிகளுக்கு இடையே 4 சிக்மா. நடுவில் செங்குத்தாக வெட்டினால் ஒவ்வொரு முகட்டின் பரப்பிலும் சுமார் 2.3% மற்றதன் பக்கம் போய்விடுகிறது; நடுப் பள்ளம் முகட்டு உயரத்தில் 27% உயரத்தில் நிற்கிறது. பிரிதிறன் 1.5 ஆனால் இடைவெளி 6 சிக்மா. பக்கம் மாறும் பரப்பு 0.13% மட்டுமே, பள்ளம் சுமார் 2% உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. கண்ணுக்கு அது அடிக்கோட்டைத் தொட்டது போலவே தெரியும். ‘அடிக்கோடு வரை பிரிந்தது’ என்று 1.5ஐச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு முழுவதும் சம உயரமுள்ள முகடுகளுக்குத்தான் பொருந்தும். நடைமுறையில் மிக அதிகமாக மறக்கப்படுவது இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். ஒரு மருந்துப் பொருளில் 0.1% அளவுக்கு ஒரு மாசு, பெரிய முகட்டின் பின்னாலேயே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியதன் உயரம் 1000, சிறியதன் உயரம் 1. இரண்டும் குறையில்லாத காஸியன் வடிவம், ஒரே அகலம், பிரிதிறன் சரியாக 1.5. உச்சிகளுக்கு நடுப்புள்ளியில், அதாவது பெரிய உச்சியிலிருந்து 3 சிக்மா தூரத்தில், பெரிய முகட்டின் உயரம் இன்னும் 11. சிறிய முகட்டின் முழு உயரத்தைப் போலப் பதினொரு மடங்கு. எனவே பள்ளம் நடுவில் விழாது. சிறிய முகட்டை நோக்கித் தள்ளப்பட்டு 4.3 சிக்மா தூரத்தில் விழுகிறது. அங்கே இரண்டு வளைவுகளையும் கூட்டிப் பார்த்தால் பள்ளத்தின் உயரம் சிறிய முகட்டின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிரிதிறன் 1.5 என்று அறிக்கை சொல்லும். திரையில் மாசு ஒரு சரிவில் முளைத்த திட்டாகத்தான் தெரியும். பள்ளத்தில் செங்குத்தாக வெட்டினால் மாசின் பரப்பில் 4.5% பெரிய முகட்டோடு போய்விடும், பெரியதன் ஓரம் 1% அளவுக்கு இங்கே வந்து சேரும். வடிவம் குறையில்லாமல் இருக்கும்போதே இப்படி. பெரிய முகடு வால் விட்டால் மாசு மொத்தமாக அந்த வாலுக்குள் மறைந்துபோகும்.

இதே 1000க்கு 1 விகிதத்தில் பிரிதிறனை 2.0 ஆக்கினால் பள்ளம் சிறிய முகட்டின் உயரத்தில் வெறும் 1.4% அளவுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1994 நவம்பரில் தன் ஆய்வாளர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி, அளக்க வேண்டிய முகட்டுக்கும் அதன் நெருங்கிய குறுக்கீட்டுக்கும் இடையே பிரிதிறன் 2க்கு மேல் இருப்பது விரும்பத்தக்கது என்று சொன்னதன் நியாயம் இதில் விளங்கும். மாசுகளை அளக்கும் வேலையில் பிரிதிறனோடு முகட்டு உயரத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. சில வேளைகளில் அந்த விகிதத்தை மட்டுமே கேட்பது இன்னும் நல்லது.

கேள்வி கேட்டவரின் வேலையிலும் இது பொருந்தும். இரண்டு பொருள்களையும் சம அளவில் கலந்த தரக்கரைசலில் பிரிதிறன் பார்ப்பது வழக்கம். ஆனால் நோயாளியின் சீரத்தில் சம அளவு இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மருந்து மிகக் குறைவாகவும் காபி மிக அதிகமாகவும் இருக்கிற மாதிரிதான் சோதனைக்குரிய மாதிரி. பாராசாந்தின் முன்னால் வருவதால் அதன் வால் நேராகத் தியோஃபிலினின் கீழே போய் நுழைகிறது. எனவே பாராசாந்தின் கூடுதலாகவும் தியோஃபிலின் சிகிச்சை எல்லையின் கீழ்முனையிலும் இருக்கும் ஒரு கலவையைத் தயாரித்து அதில் பிரிதிறன் பாருங்கள். சமக் கலவையில் கிடைக்கும் எண் உங்களை ஏமாற்றிவிடக்கூடும்.

இனி மூன்றாவது கேள்வி: எப்படிக் கூட்டுவது? இதற்கு, கிடைத்த எண்ணை அதன் காரணங்களாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 1960இல் ஹோவர்ட் பர்னெல் தந்த சமன்பாடு அதைத்தான் செய்கிறது:

பிரிதிறன் = (தட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலம் ÷ 4) × ((தேர்திறன் − 1) ÷ தேர்திறன்) × (தங்குகாரணி ÷ (1 + தங்குகாரணி))

தங்குகாரணி என்பது, ஒரு பொருள் நகரும் நிலைமையில் (நிரல் வழியே ஓடும் கரைப்பானில்) கழிக்கும் நேரத்தைப் போல எத்தனை மடங்கு நேரம் நிரலின் பரப்பில் ஒட்டிக்கொண்டு கழிக்கிறது என்பது. அதை அறிய, எதிலும் ஒட்டாமல் நேராக வெளியே வரும் பொருளின் நேரம் தேவை. யுராசிலைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். இந்த அளவுள்ள நிரலின் உட்கொள்ளளவு சுமார் 2.5 மில்லிலிட்டர், அதில் ஏறத்தாழ 60% திரவம் நிற்கும் இடம். ஆகவே நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டத்தில் அந்த வெற்று நேரம் 1.5 நிமிடம் அளவில் இருக்கும். கருவி 0.9 என்றோ 2.4 என்றோ காட்டினால் எங்கோ தவறு இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். நம் கணக்கில், பாராசாந்தினின் தங்குகாரணி (7.20 − 1.50) ÷ 1.50 = 3.8, தியோஃபிலினுக்கு (7.80 − 1.50) ÷ 1.50 = 4.2. தேர்திறன் என்பது இவற்றின் விகிதம்: 4.2 ÷ 3.8 = 1.105. தங்குநேரங்களை நேராக வகுத்து 1.083 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. வெற்று நேரத்தைக் கழிக்காமல் தேர்திறன் இல்லை.

தட்டு எண்ணிக்கை என்ற பெயர் வடித்துப் பிரிக்கும் கோபுரங்களிலிருந்து வந்தது. 1941இல் மார்ட்டினும் சிஞ்ஜும் பங்கீட்டுக் குரோமட்டோகிராபியை விளக்கியபோது, நிரலை அடுக்கடுக்கான தட்டுகளாகக் கற்பனை செய்து கணக்கிட்டார்கள். அந்த வேலைக்காக 1952இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நிரலுக்குள் உண்மையில் தட்டு எதுவும் இல்லை. தங்கிய நேரத்துக்கு முகடு எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்பதன் அளவு அது. பாதி உயர அகலத்திலிருந்து: 5.54 × (தங்குநேரம் ÷ அகலம்) இன் வர்க்கம். தியோஃபிலினுக்கு 7.80 ÷ 0.24 = 32.5, அதன் வர்க்கத்தை 5.54ஆல் பெருக்கினால் சுமார் 5850. தொடுகோட்டு அகலத்தில், 16 × (7.80 ÷ 0.48) இன் வர்க்கம் சுமார் 4225. வாலின் விலை இங்கேயும் தெரிகிறது.

மூன்றையும் சமன்பாட்டில் இடுவோம். 5850இன் வர்க்கமூலம் 76.5, நான்கால் வகுத்தால் 19.1. தேர்திறன் உறுப்பு 0.105 ÷ 1.105 = 0.095. தங்குகாரணி உறுப்பு 4.2 ÷ 5.2 = 0.81. பெருக்கினால் 1.47. நேரடியாக அளந்தபோது 1.54 வந்ததே என்று கேட்கலாம். பர்னெல் சமன்பாடு இரண்டு முகடுகளின் அகலமும் இரண்டாவதன் அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. நேரடி வாய்பாட்டிலும் இரண்டு இடத்தில் 0.24 என்றே போட்டுப் பாருங்கள், 1.475 வந்துவிடும். ஆகவே அறிக்கையில் எழுத அளந்த மதிப்பு. காரணத்தைத் தேட இந்தச் சமன்பாடு. இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வைக்கக்கூடாது.

மூன்று உறுப்புகளில் எதைத் தொடுவது? தங்குகாரணியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் முதலில் கைவைப்பது அதில்தான்: நகரும் நிலைமையில் மெத்தனாலைக் குறைத்து முகடுகளைத் தள்ளிவிடுவார்கள். தங்குகாரணி 1ஆக இருந்தால் அந்த உறுப்பு 0.5, 2 ஆனால் 0.67, 5 ஆனால் 0.83, 10 ஆனால் 0.91. தொடக்கத்தில் வேகமாக ஏறிப் பிறகு தளர்ந்துவிடுகிறது. இந்த நிரலில் 4.2ஐ 8ஆகக் கூட்டினால் பிரிதிறன் 10% தான் உயரும். தியோஃபிலின் வருவதற்கு 7.8 நிமிடத்துக்குப் பதிலாக 13.5 நிமிடம் காத்திருக்க வேண்டும். தங்குகாரணி 2க்குக் கீழே இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. இங்கே இதில் பயன் குறைவு.

தட்டு எண்ணிக்கை வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் அதற்கும் அடக்கமான பலன்தான். நிரலை 250 மில்லிமீட்டராக நீட்டினால் தட்டுகள் 1.67 மடங்கு, பிரிதிறன் 1.29 மடங்கு, நேரமும் அழுத்தமும் 1.67 மடங்கு. அதே நீளத்தில் 3 மைக்ரோமீட்டர் துகளுக்கு மாறினால் ஏறத்தாழ அதே 1.29 மடங்கு கிடைக்கும், நேரம் கூடாது. ஆனால் அழுத்தம் 2.8 மடங்காகும். இதில் எதையும் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நிரல் தரவேண்டிய தட்டுகளைத் தருகிறதா? 5 மைக்ரோமீட்டர் துகள் நிரப்பிய 150 மில்லிமீட்டர் நிரல் நல்ல நிலையில் 10,000 தட்டுகளையாவது எட்ட வேண்டும். இங்கே 5850தான். தட்டு எண்ணிக்கையை 10,000க்கு மீட்டுவிட்டாலே 1.475 என்பது 1.93 ஆகிவிடும். புதிதாக ஒன்றும் தேட வேண்டாம், இழந்ததை மீட்டாலே போதும் என்ற நிலைமை இது.

இழந்தது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி. சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், முதல் மூன்று நிமிடங்களுக்குள் வெளிவரும் ஓர் இணையின் பிரிதிறன் ஒரே இரவில் 1.9இலிருந்து 1.4க்கு விழுந்தது. நிரல் செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதற்கு எழுதிப்போட்டுவிட்டோம். அன்று மாலை குரோமட்டோகிராமை மறுபடி விரித்துப் பார்த்தபோது, பன்னிரண்டாவது நிமிடத்தில் வரும் கடைசி முகட்டின் அகலம் முந்தைய வாரத்திலிருந்து மாறவே இல்லை என்பது கண்ணில் பட்டது. நிரல் கெட்டிருந்தால் அதுவும் அகன்றிருக்க வேண்டும். முந்தைய நாள் நிரலை மாற்றிப் பூட்டியபோது இணைப்புக் குழாயின் முனை துளையின் அடிவரை போய் உட்காராமல், திருகு மட்டும் இறுகியிருந்தது. நடுவே நின்ற சிறு வெற்றிடத்தில் மாதிரி சுழன்று கலந்துகொண்டிருந்தது. திருகைத் தளர்த்தி, குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி இறுக்கியதும் 1.9 திரும்பிவிட்டது.

அதன் கணக்கு எளியது. அகலங்கள் கூடுவதில்லை, சிக்மாக்களின் வர்க்கங்களே கூடுகின்றன. நிரலுக்கு வெளியே 30 மைக்ரோலிட்டர் சிக்மா அளவு விரிவு சேர்கிறது என்போம். முன்னால் வரும் ஒடுக்கமான முகட்டின் சிக்மா 34 மைக்ரோலிட்டர் என்றால் அது 45 ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடுகிறது. பின்னால் வரும், 102 மைக்ரோலிட்டர் சிக்மா உள்ள முகடு 106தான் ஆகும். எனவே முன்முகடுகள் மட்டும் கெட்டிருந்தால் குழாய், இணைப்பு, டிடெக்டரின் செல் ஆகியவற்றைப் பாருங்கள்; எல்லா முகடுகளும் ஒரே விகிதத்தில் கெட்டிருந்தால் நிரலைப் பாருங்கள். கேள்வியில் உள்ள முகட்டின் சிக்மா ஏறத்தாழ அந்த 102தான். ஆகவே தட்டு எண்ணிக்கை 10,000இலிருந்து 5850க்கு இறங்கியதற்கு ஒரு தளர்ந்த இணைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. சீர மாதிரிகள் தொடர்ந்து ஓடும் நிரலில் முகப்பு வடிகட்டியில் புரதம் படிவதும், முகப்பில் நிரப்புப் பொருள் அமிழ்ந்து குழி விழுவதும் நான் முதலில் சந்தேகிப்பவை. காப்பு நிரல் (நிரலுக்கு முன்னால் பூட்டும் சிறு பாதுகாப்பு நிரல்) இருந்தால் அதை மாற்றிவிட்டு ஒரே ஒரு ஓட்டம் பாருங்கள். மாதிரியை நகரும் நிலைமையைவிட வலிமையான கரைப்பானில், உதாரணமாகப் புரதத்தை வீழ்படிவாக்கிய அசிட்டோநைட்ரைல் கலவையிலேயே, அதிகக் கனஅளவில் செலுத்துவதும் முகட்டைக் கெடுக்கும். அதைப் பாதியாகக் குறைத்துச் செலுத்தினால் அகலம் குறைகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது உறுப்பான தேர்திறன்தான் மிகவும் வலிமையானது. 1.05 என்ற தேர்திறனில், தங்குகாரணி 4.2ஆக இருக்கும்போது, பிரிதிறன் 1.5ஐ எட்ட ஏறத்தாழ 24,300 தட்டுகள் வேண்டும். தேர்திறன் 1.10 ஆனால் 6,700 தட்டுகளே போதும். 1.02ஆக இருந்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வேண்டும், அது எச்.பி.எல்.சி. நிரல்களின் எல்லைக்கு வெளியே, வாயுக் குரோமட்டோகிராபியின் நீண்ட நுண்குழாய் நிரல்களின் பக்கம் போய்விடுகிறது. தேர்திறனைக் கூட்டுவது வேதியியல் வேலை: கரைப்பானின் வகையை மாற்றலாம், வெப்பநிலையை மாற்றலாம், அயனியாகும் பொருள்களுக்குப் பி.எச். மாற்றலாம், நிரலின் வேதியமைப்பையே மாற்றலாம். இந்த இணைக்கு அமிலப் பகுதியில் பி.எச். மாற்றுவதில் பயன் இல்லை. தியோஃபிலின் அயனியாவது 8.6ஐ ஒட்டிய பி.எச்.சில்தான், சாதாரண சிலிக்கா நிரலை அங்கே கொண்டுபோனால் அது கரையத் தொடங்கும். நகரும் நிலைமையில் சிறிதளவு டெட்ராஹைட்ரோஃபுரான் சேர்ப்பது பாராசாந்தினையும் தியோஃபிலினையும் விலக்க உதவும் என்பது இந்தப் பகுப்பாய்வில் பழகிய வழி. தேர்திறன் 1.105இலிருந்து 1.15க்குப் போனால் பிரிதிறன் 1.37 மடங்காகும், நிரலை நூறு மில்லிமீட்டர் நீட்டிப் பெறுவதைவிட அது அதிகம், நேரமும் கூடாது. தியோஃபிலினை அளக்கும் 273 நானோமீட்டர் பகுதியில் இந்தக் கரைப்பானின் உட்கவர்தல் தொந்தரவு தராது. ஆனால் அது பெராக்சைடு உண்டாக்கும் கரைப்பான் என்பதால் பழைய பாட்டிலை எடுக்கக்கூடாது. செய்முறையில் அனுமதிக்கப்படாத மாற்றம் என்றால் மறுபடி சரிபார்ப்புச் செய்தாக வேண்டும்.

கரைப்பான் விகிதம் ஓட்டத்தின் நடுவே மாறிக்கொண்டே போகும் கிரேடியன்ட் முறையில் தங்குகாரணி நிலையாக இல்லை. எனவே மேலே சொன்ன தட்டு எண்ணிக்கையும் பர்னெல் சமன்பாடும் அங்கே நேரடியாகப் பொருந்தா. அளந்த பிரிதிறன் வாய்பாடு மட்டும் அங்கேயும் செல்லும்.

உங்கள் நிரலுக்கு நான் செய்யச் சொல்வது இந்த வரிசையில் இருக்கும். ஆவணத்தில் எந்த வாய்பாடு என்று பாருங்கள். இரண்டு முகடுகளின் சமச்சீர்க் காரணியையும் (முகடு எவ்வளவு வால் விடுகிறது என்பதைக் காட்டும் எண்) எழுதிக்கொள்ளுங்கள், ஒருமைப்படுத்திய தரநூல் அத்தியாயம் பொதுவாக எதிர்பார்ப்பது 0.8 முதல் 1.8 வரை. யுராசிலையும் இந்த இணையையும் கலந்து செலுத்தி, முன்முகட்டின் தட்டு எண்ணிக்கையையும் பின்முகட்டின் தட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காப்பு நிரல், செலுத்தும் கரைப்பான், நிரல் என்ற முறையில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். தொடுகோட்டு முறையிலும் 1.5க்கு மேல் வந்த பிறகு, பாராசாந்தின் மிகுந்த அந்தக் கலவையைச் செலுத்திப் பள்ளத்தின் உயரத்தைத் தியோஃபிலின் முகட்டின் உயரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மாதிரிகளை அதற்குப் பிறகு ஏற்றுங்கள்.